நார்க்கற்றாழைக் கன்று வாங்கப் போகிறீர்களா? முன்பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் பக்கம் பொட்டல் நிலம் சும்மா கிடப்பவர்களைத் தேடி நார்க்கற்றாழை விற்க ஆட்கள் வருகிறார்கள். தண்ணீர் அதிகம் வேண்டாம், ஆடு மாடு கடிக்காது, நாரை நாங்களே வாங்கிக்கொள்கிறோம் என்பதுதான் பேச்சு. அப்படி ஒருவரிடம் நாங்கள் பணம் கட்டினோம். லாரியில் வந்து இறங்கியது நார்க்கற்றாழையே இல்லை. செடியைப் பற்றி அவர்கள் சொல்வதில் பாதி உண்மைதான். அதனாலேயே மீதிப் பாதியைக் கண்டுபிடிப்பது கடினமாகிறது.

நார்க்கற்றாழை என்று விற்பது சைசல் எனப்படும் அகேவ் சிசலானா. அதன் மடல் கரும்பச்சை. வாள்போல நேராக நிற்கும், நுனியில் ஒரே ஒரு கரிய முள். வளர்ந்த செடியில் மடல் ஓரம் வழவழப்பாக இருக்கும். எங்களுக்கு வந்தது வேலியோரத்திலும் ரயில் பாதையோரத்திலும் தானாக வளரும் சாம்பல்நீலக் கற்றாழை, அகேவ் அமெரிக்கானா. மடல் அகலம், ஓரம் முழுக்கக் கொக்கி முள். இதிலும் நார் உண்டு. ஆனால் விளைச்சலும் தரமும் குறைவு, முள்ளால் அறுவடைக் கூலியும் ஏறும்.

கன்றைப் பார்த்துக் கேட்டபோது வந்த பதில்: "சின்னதுல முள் இருக்கும்ணே, வளர வளரப் போயிடும்." சைசலின் இளங்கன்றிலும் சிறுமுள் உண்டு என்பதால் இது நம்பும்படி இருக்கிறது. வேறுபாட்டை விரலால் தடவிப் பார்த்தே அறியலாம். சைசல் கன்றின் முள் மெல்லியது, அங்கொன்று இங்கொன்றாக இருக்கும். மற்றதில் முள்ளின் அடி அகன்று கெட்டியாக, வரிசை பிசகாமல் வளைந்திருக்கும். இருந்தாலும் கன்றை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். எந்தத் தாய்ச்செடியிலிருந்து எடுத்தது என்று கேட்டு, அந்தத் தோட்டத்தை நேரில் பாருங்கள். காட்ட மறுத்தால் பேச்சை அத்தோடு முடித்துவிடலாம். முள் உள்ளதெல்லாம் வீண் என்றும் சொல்ல முடியாது. அகேவ் கன்டாலா என்ற இனத்துக்கும் ஓரமுள் உண்டு, அதுவும் நாருக்கு வளர்ப்பதுதான். சந்தேகமிருந்தால் ஒரு கன்றைக் குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்தில் காட்டிக் கேளுங்கள்.

நடவுக்கு ஏற்ற கன்று ஓரடி உயரமும் ஐந்தாறு இலையும் கால் கிலோ எடையும் உள்ளது. பூந்தண்டில் முளைக்கும் குட்டிகளை நாற்றங்காலில் 12 முதல் 18 மாதம் வளர்த்தால் இந்த அளவுக்கு வரும், வளர்ச்சியும் ஒரே சீராக இருக்கும். அடியில் கிளைக்கும் பக்கக்கன்று சிறிதும் பெரிதுமாக இருப்பதால், அறுவடையும் ஒன்றாக வராது. திசு வளர்ப்பு, பாலித்தீன் பை என்று விலையை ஏற்றினால் யோசியுங்கள். மண் இல்லாத வெறும் வேர்க் கன்றையே நிழலில் வைத்தால் சில வாரம் தாங்கும்.

கன்றுக் கணக்கிலும் ஏமாற்று நடக்கிறது. ஏக்கருக்கு 5,000 கன்று எழுதினார்கள். இரட்டை வரிசையில் 2 மீட்டர் பாதை விட்டு, வரிசைக்கும் செடிக்கும் 1 மீட்டர் கொடுத்தால் ஏக்கருக்கு சுமார் 2,700 கன்றுதான் பிடிக்கும். பாதை இல்லாவிட்டால் மூன்றாம் ஆண்டில் நுனி முள்ளைத் தாண்டி ஆள் உள்ளே நுழைந்து மடல் வெட்ட முடியாது.

எல்லாவற்றையும்விட நெஞ்சு எரிவது ஒப்பந்தத்தை நினைத்துத்தான். முத்திரைத்தாளில் நாரைத் திரும்ப வாங்கும் விலை கொட்டை எழுத்தில் இருந்தது. கீழே, ஒப்பந்தக் காலம் கையெழுத்திட்ட நாளிலிருந்து 2 ஆண்டு. சைசலில் முதல் வெட்டு மூன்றாம் ஆண்டு வாக்கில்தான் வரும், மடல் இரண்டடியாவது நீள வேண்டும். அதாவது ஒரு கிலோ நார்கூட விளையாமலே ஒப்பந்தம் காலாவதியாகிவிடும்! காலம் முதல் வெட்டிலிருந்து தொடங்க வேண்டும், நாரின் நீளம், நிறம், ஈரப்பதத்துக்கு ஏற்ற விலை, எடுத்துச் செல்லும் செலவு யாருடையது என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும்.

மடலிலிருந்து நார் உரிக்கும் இயந்திரத்தையும் இதே ஆட்கள்தான் விற்கிறார்கள். நான்கு மடலைச் செருகி, வெளியே வரும் நாரை அப்படியே தராசில் வைத்துக் காட்டுவார்கள். அது நீர் சொட்டும் நார். அலசி வெயிலில் காய்ந்த பிறகு, பச்சை மடல் எடையில் 3 முதல் 5 சதவீதம்தான் மிஞ்சும், ஒரு டன் மடலுக்கு ஏறத்தாழ 40 கிலோ. கத்திக்கும் அடித்தட்டுக்கும் இடைவெளி அதிகமானால் சதை ஒட்டிக்கொண்டே வரும், குறைந்தால் நார் அறுபடும். அதனால் அந்த இடைவெளியைத் திருகாணியால் மாற்ற முடிகிறதா பாருங்கள். சாறு அமிலத்தன்மை உள்ளது. சாதா இரும்புக் கத்தி துருப்பிடித்து நாரில் கறை ஏறும். மடல் செருகும் வாயில் கை போகாதபடி காப்பு இல்லாத இயந்திரத்தை இலவசமாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள். வெட்டிய மடலை இரண்டு நாளுக்குள் ஓட்டியாக வேண்டும், காய்ந்தால் சதை சரியாக உரியாது. சாறு பட்டால் தோல் அரிக்கும், கையுறை அவசியம். கழிவுச் சாற்றை ஊருணியிலோ கண்மாயிலோ விட்டால் மீன் செத்து மிதக்கும்.

இதிலிருந்து டெக்கிலா எடுக்கலாம் என்று ஆசை காட்டுவதையும் நம்ப வேண்டாம். அந்த மது அகேவ் டெக்கிலானா என்ற வேறு இனத்திலிருந்து மெக்சிகோவில் வடிப்பது.

நிலமும் முக்கியம். சரளைச் செம்மண் மேடு போதும். கண்மாய் உள்வாய், தண்ணீர் தேங்கும் களிமண் என்றால் ஐப்பசி அடைமழையில் அடி அழுகிவிடும். எந்த நிலத்துக்கும் ஏற்றது என்று சொல்லி விற்பவர் நிலத்தைப் பார்க்கவே இல்லை என்று பொருள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் ரசீது, ஒப்பந்தம், கன்று வந்த நாளின் படங்கள், மடல் ஓரம் தெரியும் கிட்டப் படம் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். விதை வாங்கும் விவசாயியும் நுகர்வோரே என்று உச்ச நீதிமன்றம் 2012-ல் தீர்ப்பளித்திருக்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் தர 2 ஆண்டுதான் கெடு, ஆகவே செடி வளரட்டும் என்று காத்திருக்காதீர்கள். முள் கற்றாழையை நிலத்தின் நடுவிலிருந்து இப்போதே பிடுங்கி, எல்லையோரம் வேலியாக நடுங்கள். விட்டால் பக்கக்கன்று கிளைத்துப் பரவி, பிறகு மண்வெட்டிக்கு அடங்காது.