கையில் இருந்தது அனுமதி இல்லை, ரசீது

வீட்டு மனையில் மரம் வெட்ட ஆள் பேசிக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.

வீட்டை ஒட்டி நின்ற பெரிய மரத்தின் வேர் எங்கள் சுற்றுச்சுவரைத் தூக்கத் தொடங்கியிருந்தது. பார்க்க வந்த ஒப்பந்தக்காரர் மரத்தை அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. "உங்க இடம், உங்க மரம், யாரு கேக்கப் போறாங்க?" என்றார். நான் அனுமதி பற்றி விடாமல் கேட்டதும், "சரி, அதையும் நானே வாங்கித் தந்துடறேன்" என்று அதற்குத் தனியாக ஒரு தொகையைக் கூட்டிக்கொண்டார். நாலு நாள் கழித்துக் கைபேசியில் ஒரு தாளைக் காட்டினார். முத்திரை, ஒரு எண், என் முகவரி எல்லாம் இருந்தன. வரிவரியாகப் படித்திருக்க வேண்டும், படிக்கவில்லை. அது விண்ணப்பம் வந்து சேர்ந்ததற்கான ரசீது, அவ்வளவுதான். மரத்தை யாரும் வந்து பார்க்கவே இல்லை என்பதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அரை நாளில் மரம் போய்விட்டது. நல்ல கட்டைகளையும் அவரே ஏற்றிக்கொண்டு போனார்.

அடுத்த வாரம் உள்ளாட்சி அதிகாரி வந்தார். யாராவது கேட்டால் "ஆபத்தான மரம்" என்று சொல்லச் சொல்லியிருந்தார் ஒப்பந்தக்காரர், நானும் சொன்னேன். அதிகாரி பதில் பேசாமல் அடிக்கட்டையின் அருகே குனிந்தார். பொந்து இல்லை, அழுகல் இல்லை, பூஞ்சை இல்லை. வைரம் பாய்ந்த மரம். எனக்கு மேற்கொண்டு வாய் வரவில்லை. பட்டுப்போன மரத்துக்கும் சாய்ந்து விழப்போகும் மரத்துக்கும் பல ஊர் விதிகளில் விலக்கு உண்டு. ஆனால் அதற்கான சான்று, வெட்டுவதற்கு முன்பே எடுத்த படமும், வெட்டுகூலியில் பங்கில்லாத ஒரு நிபுணரின் அறிக்கையும்தான்.

அப்புறம் அளவு. அனுமதி தேவையா என்பது பெரும்பாலும் அடிமரத்தின் பருமனைப் பொறுத்தது. நெஞ்சுயரத்தில் அளப்பார்கள்; ஐரோப்பாவில் பொதுவாக 1.3 மீட்டர் உயரத்தில், அமெரிக்காவில் நாலரை அடியில். விதி விட்டத்தைச் சொல்கிறதா, சுற்றளவைச் சொல்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நாடாவைச் சுற்றி வரும் அளவை 3.14-ஆல் வகுத்தால் விட்டம். சுற்றளவு 100 செ.மீ. என்றால் விட்டம் ஏறக்குறைய 32. எங்கள் ஆள் மரத்தின் மேல் ஒரு ஸ்கேலைச் சாய்த்து வைத்து "முப்பதுகூட இல்லீங்க" என்று சொன்னபோது நானும் தலையாட்டியவன்தான். மரம் வெட்டுப்பட்ட பின் அளக்க அடிக்கட்டை மட்டுமே மிச்சம். அடிப்பகுதி பெரும்பாலும் அகன்றிருக்கும், ஆகவே அளவு கூடத்தான் வரும். நாடா சுற்றிய ஒரு படம் இருந்திருந்தால் வாதாடியாவது பார்த்திருப்பேன்.

நோட்டீஸ் என் பெயருக்கு வந்தது. அபராதம், ஈடாக இரண்டு கன்று நடுவது, இரண்டும் என் பொறுப்பு. ஒப்பந்தக்காரரைக் கூப்பிட்டேன். "நீங்க வெட்டச் சொன்னீங்க, வெட்டினேன்" என்றார். அதன் பிறகு அவர் எடுக்கவே இல்லை. அவர் தந்த சீட்டில் "மரம் அகற்றுதல்" என்று ஒரே வரி. அனுமதி என்ற சொல்லே அதில் இல்லை.

விண்ணப்பத்தை நீங்களே போடுங்கள். யாராவது அனுமதி என்று ஒரு தாளைக் காட்டினால், அதிலுள்ள எண்ணை அலுவலகத்துக்குச் சொல்லி விசாரியுங்கள். மரம் எல்லைக்கோட்டின் மேல் நின்றால் பக்கத்து வீட்டுக்காரருக்கும் அதில் உரிமை இருக்கலாம், அவர் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். பறவை கூடு கட்டியிருந்தால் அனுமதி கையில் இருந்தும் காத்திருக்க நேரலாம். சுவரைக் காப்பாற்ற மரத்தையே வெட்டியிருக்க வேண்டியதில்லை, வேர் சுவர்ப்பக்கம் போகாமல் மண்ணுக்குள் ஒரு தடுப்பு போட்டுப் பார்த்திருக்கலாம் என்று அதிகாரி போகிறபோக்கில் சொன்னதுதான் இன்னும் உறுத்துகிறது.

கன்றுகளை நட்டாயிற்று. அவை பிழைத்திருக்கின்றனவா என்று மறுபடி பார்க்க வருவார்களாம். ஒன்றில் இலை வாடியிருக்கிறது.