லாயத்துக்கு 'நாற்றம் உறிஞ்சும் பொடி' வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் குதிரை வைத்திருப்பவர்களைத் தேடி ஒருவர் வருகிறார். குளிருக்கு லாயத்தைச் சுற்றித் தார்ப்பாய் கட்டித் தருவார். கூடவே 'அமோனியாவை உறிஞ்சும் தாதுப் பொடி', 25 கிலோ மூட்டை 1,400 ரூபாய். வெளிநாட்டுச் சரக்காம். கார்த்திகைக் கடைசியில் இரண்டையும் வாங்கினேன். பில்லை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன் என்றார், இன்றுவரை வரவில்லை.

மார்கழி பிறந்ததும் பெண் குதிரை தீனி தின்னும்போதெல்லாம் இருமத் தொடங்கியது. கண்ணில் நீர், மூக்கில் சளி. காலையில் கதவைத் திறந்தால் நமக்கே கண் எரியும். போன் செய்தால், "குளிருக்குச் சளி பிடிச்சிருக்கும் சார், இன்னும் ரெண்டு கை கூடுதலா தூவுங்க" என்றார். தூவினோம். எரிச்சல் இன்னும் ஏறியது.

பார்க்க வந்த கால்நடை மருத்துவர், குதிரையைத் தொடும் முன்பே லாயத்துக்குள் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "நீங்களும் உட்காருங்க. அது தலையைத் தாழ்த்துற உயரத்துல மூச்சு இழுத்துப் பாருங்க." முடியவில்லை, புரையேறியது. நின்றுகொண்டு மோப்பம் பிடித்தால் பாதிதான் தெரியும். குதிரைக்கு வாயால் மூச்சு விடவும் வராது, எல்லாம் மூக்கு வழிதான்.

அப்புறம் மஞ்சள் கரைத்த தண்ணீர் கேட்டார். பொடியில் ஒரு சிட்டிகை போட்டதும் ஆரத்தித் தட்டுப் போலச் சிவந்தது. சுண்ணாம்பு! கொஞ்சம் எலுமிச்சை வாசனை சேர்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான். மூத்திரத்தில் உள்ள யூரியாவைக் கிருமிகள் உடைப்பதால்தான் அமோனியா உண்டாகிறது. ஈரப் படுக்கையில் சுண்ணாம்பு விழுந்தால் காரத்தன்மை ஏறி, கரைந்து கிடப்பதும் வாயுவாகக் கிளம்பிவிடும். கிளம்பினது வெளியே போகவும் வழியில்லை, தார்ப்பாயைக் கூரை வரை இழுத்துக் கட்டியிருக்கிறாரே மகராசன்.

இத்தனைக்கும் நன்றாகத் தின்னும் வளர்ந்த குதிரை 5 டிகிரிக் குளிரைச் சாதாரணமாகத் தாங்கும். தளிக்குக் குட்டி இங்கிலாந்து என்று பெயர் இருக்கலாம், மார்கழி விடியலில் அந்த அளவுக்கு இங்கே இறங்குவதில்லை. சாரலும் நேர்க் காற்றும் மேலே அடிக்காமல் இருந்தால் போதும். இப்போது தார்ப்பாயை ஆள் உயரத்தோடு நிறுத்திவிட்டு, கூரையோரத்தைத் திறந்துவிட்டிருக்கிறேன். ஈரப் படுக்கையைத் தினமும் அள்ளுகிறோம், குதிரையை வெளியே கட்டிய பிறகுதான் கூட்டுகிறோம். பூஞ்சணம் பிடித்த ராகிப்புல்லை ஒதுக்கிவிட்டு, நல்லதையும் நனைத்தே போடுகிறோம். இருமல் நன்றாகக் குறைந்திருக்கிறது. ஓடவிட்டால் மட்டும் கொஞ்சம் வருகிறது.

உண்மையிலேயே அமோனியாவைப் பிடித்து வைக்கும் பொருள் சியோலைட். இறால் பண்ணைக்காரர்கள் வாங்குவது அதைத்தான். ஆனால் ஈரத்தை அள்ளாமல் அதைக் கொட்டினாலும் வேலைக்கு ஆகாது.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "மூட்டையைப் பிரிச்சிட்டீங்களே" என்று போனை வைத்துவிட்டார். ஜிபே ரசீதையும் மூட்டைப் படத்தையும் கையில் வைத்துக்கொண்டு, 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். அதே சரக்கு வேறு லேபிளோடு பாகலூர், பேரிகை பக்கம் சுற்றுவதாகக் கேள்வி. உங்களிடம் வந்தால் மூட்டையை இறக்கும் முன்பே பில்லைக் கேளுங்கள், ஒரு சிட்டிகையை மஞ்சள் தண்ணீரில் போட்டும் பாருங்கள்.