மனநலக் கவுன்சிலிங்குக்குக் கோயம்புத்தூர் போறவங்க, பணம் கட்டறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

தங்கச்சி சம்மதத்தோடதான் எழுதறேன். கேரளாவுல பாலக்காடு மாவட்டத்துல, கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கத்துல இருக்கற நம்ம தமிழ் ஆளுங்க கண்ணுல இது படணும்.

குழந்தை பிறந்ததுக்கப்புறம் அவளுக்கு ராத்திரி தூக்கம் போச்சு. காரணமே இல்லாம அழுகை, குழந்தைக்கு ஏதாவது ஆயிருமோன்னு ஓயாத பயம். பாலக்காட்டுல அரசு ஆஸ்பத்திரி மனநல டாக்டர் மாத்திரை எழுதினார். கூடவே மனசு விட்டுப் பேசிச் சரிபண்ற பேச்சு சிகிச்சையும் வேணும், வாய் திறந்து பேசற மொழியில பாருங்கன்னார். கடைக்கும் ஆபீஸுக்கும் மலையாளம் போதும். மனசுல இருக்கறதைக் கொட்ட அவளுக்குத் தமிழ்தான் வரும். அதனாலதான் வேலந்தாவளம் பார்டர் தாண்டிக் கோயம்புத்தூர் போனோம்.

போன இடம் ஒரு கவுன்சிலிங் சென்டர். போர்டுல, அதை நடத்தறவர் பேருக்கு முன்னாடி "டாக்டர்". பத்து சிட்டிங்குக்கும் சேர்த்து 15,000 ரூபாய் முன்னாடியே கட்டணும்னாங்க, கட்டினோம்.

முதல் நாளே மாமியாரைப் பக்கத்துல உக்கார வெச்சுக்கிட்டு, "வீட்டுல யாரால உங்களுக்குப் பிரச்சனை?"ன்னு கேட்டிருக்கார். அவ என்ன சொல்லுவா? அடுத்த தடவை தனியா பேசினா. அன்னைக்குச் சாயங்காலமே அந்த ஆள் மாப்பிள்ளைக்குப் போன் போட்டு, "உங்க அம்மாவைப் பத்தி உங்க சம்சாரம் இப்படிச் சொல்றாங்க"ன்னு அப்படியே ஒப்பிச்சுட்டார். வீட்டுல பெரிய சண்டை. அதுக்கப்புறம் தங்கச்சி யார்கிட்டயும் வாயே திறக்கலை. எனக்கு இன்னும் ஆறாதது இதுதான். சிகிச்சையில பேசறது ரகசியமா இருக்கறது நோயாளியோட உரிமைன்னு 2017 மனநலப் பராமரிப்புச் சட்டமே சொல்லுது. உயிருக்கு ஆபத்து, கோர்ட் உத்தரவு மாதிரி சில நிலைமையிலதான் விலக்கு. மாமியார் மருமகள் மனத்தாங்கல் அதுல வராது.

அடுத்து மாத்திரையில கை வெச்சார். "இதெல்லாம் அடிமையாக்கிரும், இன்னைக்கே நிறுத்துங்க"ன்னார். மனச்சோர்வு மாத்திரையைச் சட்டுனு நிறுத்தக் கூடாது, டாக்டர் சொல்படி கொஞ்சங்கொஞ்சமாத்தான் குறைக்கணும். அவளுக்குத் தலைசுத்தல், எரிச்சல், மண்டைக்குள்ள சுரீர்னு ஷாக் அடிக்கற மாதிரி. போன் பண்ணிக் கேட்டா, "உள்ள இருக்கற அழுத்தம் வெளிய போகுது, நல்லதுதான்"ங்கறார்! அன்னைக்கே பாலக்காட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டோம். டாக்டர் மறுபடி மாத்திரையை ஆரம்பிச்சார்.

மீதிப் பணத்தைக் கேக்கப் போனப்ப, காத்திருந்த நேரத்துல சுவத்துல பிரேம் போட்டு மாட்டின சர்டிபிகேட்டை ஒவ்வொண்ணா படிச்சேன். எல்லாம் ரெண்டு நாள், மூணு நாள் பயிற்சி வகுப்புல கலந்துக்கிட்டதுக்குக் குடுத்தது. பதிவு எண் என்னன்னு கேட்டேன். "எங்க துறைக்கு அதெல்லாம் கிடையாதுங்க"ன்னார். பணமும் தரலை.

உண்மை என்னன்னா, கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்னு, அதாவது பேச்சு சிகிச்சை தர்ற உளவியல் நிபுணர்னு, சொல்லிக்கறவங்க இந்திய மறுவாழ்வு கவுன்சில்ல, அதாவது ஆர்சிஐல, பதிவு பண்ணியிருக்கணும். அந்தப் பதிவேட்டை இணையத்துலயே பார்க்கலாம். பெரும்பாலும் எம்ஃபில் முடிச்சிருப்பாங்க. அவங்க மாத்திரை எழுத மாட்டாங்க, மனநல டாக்டர் எழுதினதை நிறுத்தவும் சொல்ல மாட்டாங்க. போன்ல அப்பாயின்ட்மென்ட் கேக்கறப்பவே பதிவு நம்பரைக் கேளுங்க. சொல்லத் தயங்கினா அங்க போகவே வேண்டாம்.

இப்போ பாலக்காட்டு டாக்டர் சொன்ன ஒரு அம்மாகிட்ட போறா. அவங்களும் கோயம்புத்தூர்தான், தமிழ்தான். முதல் நாளே எங்களை வெளிய உக்காரச் சொன்னாங்க. எதை ரகசியமா வெப்பேன், எந்த நிலைமையில வீட்டுக்குச் சொல்ல வேண்டி வரும்னு விளக்கிட்டு, "இங்க வந்து உங்களுக்கு என்ன மாறணும்?"னு கேட்டாங்களாம். இத்தனை நாள்ல சரியாயிரும்னு எந்த வாக்கும் குடுக்கலை. அந்தந்த சிட்டிங்குக்கு அன்னன்னைக்குத்தான் பணம். தங்கச்சி இப்போ தானாவே கிளம்பிப் போறா.

நல்ல ஆள் கிடைக்கற வரைக்கும் 14416க்குக் கூப்பிடுங்க. டெலி மானஸ்னு மத்திய அரசு 2022ல ஆரம்பிச்ச சேவை, 24 மணி நேரமும் இலவசம், தமிழ்லயே பேசலாம்.

இதே மாதிரி ஏமாந்தவங்க இருந்தா பில்லைத் தூக்கிப் போட்டுராதீங்க. சென்டர் தமிழ்நாட்டுல இருந்தாலும், 2019 நுகர்வோர் சட்டப்படி நாம குடியிருக்கற மாவட்டத்துலயே வழக்குப் போடலாம். சேவைக்குக் கட்டின தொகை 5 லட்சம் வரைக்கும்னா கோர்ட் கட்டணம் இல்ல, ஆனா ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். நாங்க பாலக்காட்டுல போட்டிருக்கோம்.