கல்லூரியை நேரில் பார்ப்பது: அவர்கள் கூப்பிடும் நாளா, நாமே போகும் நாளா?

பொறியியல் கலந்தாய்வு 2018-இல் இணையவழிக்கு மாறியதிலிருந்து, கல்லூரிகளை வரிசைப்படுத்தும் வேலை வீட்டுக் கூடத்திலேயே முடிந்துவிடுகிறது. 200-க்கு நம் கட்-ஆஃப் எவ்வளவு, போன வருடம் அந்தப் பிரிவு எவ்வளவில் முடிந்தது, இவ்வளவுதான் கணக்கு. விரும்பும் கல்லூரிகளை வரிசையாகப் பதியும் சாய்ஸ் ஃபில்லிங்குக்குச் சில நாள் தருவார்கள். ஒதுக்கீடு வந்தால் உறுதி செய்ய அதைவிடக் குறைவான நேரம். அந்த ஓட்டத்தில் யாரும் பஸ் ஏறிப் போய்க் கல்லூரியைப் பார்ப்பதில்லை. பார்ப்பதென்றால் முன்கூட்டியே பார்க்க வேண்டும். அதற்கு நான்கு வழி உண்டு. கல்லூரியே கூப்பிட்டுக் காட்டும் நாள், நாமாகப் போகும் சாதாரண வேலை நாள், விழா நாள், வீட்டிலிருந்தே இணையத்தில் பார்ப்பது.

கடைசி இரண்டையும் சீக்கிரம் முடித்துவிடலாம். சென்னை ஐஐடியின் சாரங், திருச்சி என்ஐடியின் ஃபெஸ்டெம்பர் மாதிரி விழாக்களுக்குப் பிளஸ் 1 படிக்கும் பிள்ளை போய்வந்தால் படிக்க உற்சாகம் வரும். அதுவே லாபம். ஆனால் அன்றைக்கு வகுப்பு நடக்காது, லேப் திறந்திருக்காது, மாணவர்கள் எல்லோரும் சந்தோஷமாக இருப்பார்கள். அதை வைத்து ஒரு கல்லூரியை மதிப்பிட முடியாது. இணையத்தில் ட்ரோன் வீடியோவில் எந்தக் கல்லூரியும் பச்சைப் பசேல் என்றுதான் தெரியும். ஊரிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது, பக்கத்தில் பஸ் நிறுத்தம் உண்டா என்று வரைபடத்தில் பார்த்துச் சில பெயர்களை அடித்துவிடலாம். அதற்கு மேல் அது உதவாது.

உண்மையான போட்டி முதல் இரண்டுக்கும்தான்.

கல்லூரி கூப்பிடும் நாள்

இதில் பல ரகம் இருக்கிறது. ஐஐடி நுழைவுத் தேர்வான ஜேஇஇ அட்வான்ஸ்டு தேறியவர்களுக்குச் சென்னை ஐஐடி ‘டெமோ டே’ நடத்துகிறது. தமிழக அரசின் ‘நான் முதல்வன்’ திட்டத்தில் அரசுப் பள்ளிப் பிளஸ் 2 மாணவர்களைப் பக்கத்துக் கல்லூரிகளுக்குக் களப்பயணம் கூட்டிப்போகிறார்கள். தனியார் கல்லூரிகள் பஸ் அனுப்பி, மதியச் சாப்பாடும் போட்டு, கையில் ஒரு பையும் கொடுத்து அனுப்புகின்றன. மூன்றிலும் சேர்க்கை நோக்கத்தின் அளவு வேறு வேறு, அதற்கேற்ப நம் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும்.

இந்த நாளின் பெரிய பலம், கதவுகள் திறந்திருப்பதுதான். மற்ற நாளில் செக்யூரிட்டி வாசலோடு திருப்பி அனுப்பும் லேபுக்குள் அன்றைக்கு நுழையலாம். துறைத் தலைவர் இருப்பார், கேட்டதற்குப் பதில் சொல்வார். பிரிவு எது என்றே முடிவாகாத பிள்ளைக்கு இது ரொம்ப முக்கியம். இசிஇ-க்கும் (எலெக்ட்ரானிக்ஸ், தகவல் தொடர்பு) இஇஇ-க்கும் (எலெக்ட்ரிகல், எலெக்ட்ரானிக்ஸ்) என்ன வித்தியாசம் என்று அந்தந்த லேபில் நின்று பார்த்தால் விளங்குவது, எந்தக் கையேட்டிலும் விளங்காது.

பலவீனமும் அங்கேயேதான். காட்டுவது அவர்கள் தேர்ந்தெடுத்த லேப், பேசுவது அவர்கள் தேர்ந்தெடுத்த மாணவர். அது பொய் என்று சொல்ல வரவில்லை, பாதிதான் என்கிறேன். சுற்றிக் காட்டி முடித்ததும் அட்மிஷன் அறையில் உட்காரவைத்து, “சீட் வேகமாப் போகுது, ஒரு அட்வான்ஸ் மட்டும் போட்டு வெச்சிடுங்க” என்று ஆரம்பித்தால் எழுந்துவிடுவது நல்லது. தமிழ்நாட்டில் நன்கொடை வசூலைத் தடுக்க 1992-லேயே சட்டம் வந்துவிட்டது. குறித்த தேதிக்குள் விலகினால் 1,000 ரூபாய்க்கு மேல் பிடிக்கக் கூடாது என்பது தொழில்நுட்பக் கல்லூரிகளுக்கு அனுமதி தரும் அகில இந்திய அமைப்பான ஏஐசிடிஇ-யின் விதி. ஆனால் ரசீது இல்லாமல் கொடுத்த பணத்துக்கு எந்த விதியும் துணைக்கு வராது.

நாமே போகும் வேலை நாள்

இதற்கு முதல் தடை வாசல். “அட்மிஷன் விசாரிக்க வந்தோம்” என்றால் நேரே மக்கள் தொடர்பு அலுவலரான பிஆர்ஓவிடம் அனுப்பிவிடுவார்கள், மறுபடியும் கல்லூரி கூப்பிட்ட நாள் மாதிரிதான் ஆகும். அங்கே படிக்கும் சொந்தக்காரப் பையனோ, அதே பள்ளியில் படித்த சீனியர் அக்காவோ இருந்தால் அவர்கள் மூலமாகப் போவதே சரி. யாரும் இல்லையென்றால் துறைக்கு முன்கூட்டியே போன் செய்து நேரம் கேட்கலாம். இதற்குக் கிடைக்கும் பதிலே ஒரு தகவல்தான்.

உள்ளே போய்விட்டால் பார்க்க வேண்டியது கட்டடத்தை அல்ல. துறை அறிவிப்புப் பலகையையும் வகுப்புக் கதவில் ஒட்டிய டைம்டேபிளையும் பாருங்கள். டைம்டேபிளில் இருக்கும் ஆசிரியர் பெயர்களைக் கல்லூரி இணையதளத்துப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இது சந்தேகப் புத்தி இல்லை. 2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் வெளியிட்ட விவரங்களில், ஒரே ஆசிரியர் ஒரே சமயத்தில் பல பொறியியல் கல்லூரிகளின் பட்டியலில் இருந்தது தெரியவந்தது. அண்ணா பல்கலைக்கழகமும் விசாரித்து அதை ஒப்புக்கொண்டது. 20 மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்பது ஏஐசிடிஇ கணக்கு. வருடத்துக்கு 60 பேர் சேரும் பிரிவில் நான்கு வருடத்துக்கும் சேர்த்து 240 பேர், அப்படியானால் 12 ஆசிரியர். ஸ்டாஃப் ரூமில் எத்தனை மேசையில் ஆள் இருக்கிறது என்று ஒரு பார்வை பார்த்தால் போதும்.

லேபிலும் இப்படித்தான். கூப்பிட்ட நாளில் கருவிகள் எல்லாம் துடைத்து வைத்திருக்கும். வேலை நாளில் ஒரு மேசையைச் சுற்றி எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பது தெரியும். மூன்று பேர் என்றால் பரவாயில்லை. எட்டுப் பேர் நின்றால், இரண்டு பேர் செய்வார்கள், ஆறு பேர் ரெக்கார்டில் ரீடிங்கைக் காப்பி அடிப்பார்கள்.

யாரிடம் பேசுவது? என் ஓட்டு மூன்றாம் வருடத்துக்கு. முதல் வருடத்துக்கு இன்னும் ஒன்றும் தெரியாது, கடைசி வருடம் பாதி நாள் வேலை தேடலில் இருக்கும். மூன்றாம் வருடம் அரியரும் பார்த்திருக்கும், மெஸ் சாப்பாட்டையும் திட்டித் தீர்த்திருக்கும். பெண் பிள்ளையாக இருந்தால் அப்பா கொஞ்ச நேரம் கேன்டீனில் டீ குடிக்கப் போய்விட வேண்டும். விடுதியில் கேட் எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள், போனைப் பிடுங்கி வைப்பார்களா, பையன்களோடு பேசினால் ஃபைன் உண்டா, கழிப்பறையில் தண்ணீர் வருமா என்பதையெல்லாம் அப்பா பக்கத்தில் நின்றால் எந்தப் பெண்ணும் மனம்விட்டுச் சொல்ல மாட்டாள்.

மாலையில் கல்லூரி பஸ்கள் கிளம்பும் வரை இருந்து பார்ப்பதும் நல்லது. தினமும் போக வர நான்கு மணி நேரம் பஸ்ஸில் போனால் நூலகம் எட்டு மணி வரை திறந்திருந்தும் பயனில்லை.

பணமும் பிளேஸ்மென்ட்டும்

இந்த இரண்டுக்கும் கூப்பிட்ட நாள்தான் பொருத்தம், ஏனென்றால் பதில் சொல்லும் பொறுப்பில் இருப்பவர் அன்றைக்கு எதிரே உட்கார்ந்திருப்பார். கலந்தாய்வு இடத்துக்கு வருடக் கட்டணம் 50,000 ரூபாய், தர அங்கீகாரம் பெற்ற பிரிவுக்கு 55,000 என்று கட்டணக் குழு 2017-இல் நிர்ணயித்தது. வீட்டைப் பிடித்து உலுக்குவது அதற்கு மேலே வருவதுதான்: பஸ், விடுதி, பயிற்சிக் கட்டணம், இன்னும் என்னென்னவோ பெயர்கள். நான்கு வருடத்துக்கும் மொத்தம் எவ்வளவு என்று தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

“95 சதவீதம் பிளேஸ்மென்ட்” என்றால், எத்தனை பேரில் என்று கேளுங்கள். மொத்த வகுப்பிலா, அரியர் இல்லாமல் பதிவு செய்தவர்களிலா? பேனரில் போடும் உச்சச் சம்பளம் ஒருவருக்குக் கிடைத்தது. மத்திய அரசின் என்ஐஆர்எஃப் தரவரிசைக்கு விண்ணப்பித்த கல்லூரிகள், வேலை கிடைத்தவர் எண்ணிக்கையையும் நடுமட்டச் சம்பளத்தையும் (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பவரின் சம்பளம்) கொடுத்தாக வேண்டும், அதைத் தங்கள் தளத்திலும் போட வேண்டும். அந்தத் தாளை அச்செடுத்துக்கொண்டு போய்க் கேட்டால் பேச்சின் தொனியே மாறும்.

ஒரு நாள்தான் முடியும் என்றால் என் தேர்வு வேலை நாள். இரண்டு முடிந்தால் பிளஸ் 1-இலோ, பிளஸ் 2 காலாண்டு விடுமுறையிலோ வேலை நாளில் ஒரு முறை போய்ப் பட்டியலைச் சுருக்கிக்கொண்டு, ரிசல்ட் வந்தபின் மிஞ்சிய இரண்டு மூன்று கல்லூரிகளுக்கு அவர்கள் கூப்பிடும் நாளில் போகலாம். பல வீடுகளில் இந்த யோசனை ரிசல்ட்டுக்குப் பிறகுதான் வரும். அப்போது மே, ஜூன். வகுப்பு நடக்காது, வளாகம் காலியாகத் தெரியும். ஆனால் பல கல்லூரிகளில் செமஸ்டர் தேர்வு அப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். காலைத் தேர்வு முடிந்து மதியம் வெளியே வருகிறவர்கள் வாசல் டீக்கடையில் நிற்பார்கள். பிஆர்ஓ அறையிலிருந்து நேரே காருக்குப் போகாமல் அங்கே ஒரு டீ சொல்லுங்கள்.