சுவரோவியமா, வீதி நாடகமா?

தாய்ப்பால் விழிப்புணர்வுக்கு இரண்டும் உதவும், ஆனால் வேலை வேறு. சுவரோவியம் மாதக்கணக்கில் அங்கேயே இருக்கும். பேருந்துக்குக் காத்திருப்பவர்கள் தினமும் பார்ப்பார்கள். பொது இடத்தில் பாலூட்டுவது இயல்பான காட்சியென்று மனதில் பதியும். கூச்சம் குறைய இதுவே நல்ல வழி.

சந்தேகத்துக்கோ ஓவியம் பதில் சொல்லாது. பிறந்த 1 மணி நேரத்துக்குள் பாலூட்டத் தொடங்கி, முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டுமே கொடுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். "தண்ணீர்கூட வேண்டாமா?" என்று பதறும் பாட்டியிடம் யாராவது பேசியாக வேண்டுமே! நாடகத்தில் ஒரு மாமியார் சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டச் சொன்னால், கூட்டத்திலிருந்தே கேள்வி எழும். நோய் எதிர்ப்புச் சக்தி நிறைந்த முதல் பால் அது என்ற பதிலும் அங்கேயே கிடைக்கும். நடிப்பவர்களுக்கு முன்பே சரியான தகவல் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறதென்றால், ஆகஸ்ட் 1 முதல் 7 வரையிலான உலகத் தாய்ப்பால் வாரத்தில் நாடகத்தையே போடுங்கள். அப்பாக்களையும் முன்வரிசையில் உட்காரவையுங்கள்.