மேமோகிராம்: வேனா, ஆஸ்பத்திரியா?

டெக்சாஸின் தென்கோடி, ரியோ கிராண்டே பள்ளத்தாக்கு. பஸ் வசதி குறைவு, காப்பீடு இல்லாதவர்கள் நிறைய, ஒரு நாள் லீவு போட்டால் அன்றைய கூலி போச்சு. அங்கே ஒரு ஹிஸ்பானிக் (ஸ்பானிஷ் பேசும் நாடுகளின் வம்சாவளி) பெண்ணிடம், 40 வயதிலிருந்து 2 வருஷத்துக்கு ஒரு தடவை மேமோகிராம், அதாவது மார்பகப் புற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்கும் எக்ஸ்ரே, எடுங்கள் என்றால் தூரத்து ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போவார்? மேமோகிராம் மெஷின் வைத்த வேன் என்றால் சர்ச் வாசலுக்கே வரும், ஸ்பானிஷ் பேசும் ‘ப்ரொமோத்தோரா’, அதாவது அதே ஊர்ச் சுகாதாரப் பணியாளர், கூடவே நிற்பார். எக்ஸ்ரே அதேதான், மார்பை இரண்டு தட்டுக்கு நடுவில் அழுத்தும் அந்தச் சில நொடி வலியும் அதேதான்.

ஆனால் படத்தில் சந்தேகமாக ஏதாவது தெரிந்தால் கூடுதல் படத்துக்கும், தேவைப்பட்டால் பயாப்சிக்கும் (சிறு திசுத் துண்டை எடுத்துச் சோதிப்பது) ஆஸ்பத்திரிதான். அதற்குள் வேன் அடுத்த ஊருக்குப் போயிருக்கும். என்னைக் கேட்டால் முதல் படத்துக்கு வேன்தான். ஆனால் மறுபரிசோதனைக்கு யார் ஏற்பாடு செய்வார்கள், செலவு யாருடையது என்பதை ஏறும்போதே கேட்டுவிட வேண்டும்.