பாடகர் ஆர்கனில் உட்கார்ந்த ஆல்பம்

சோல் (தேவாலயப் பாட்டின் சாயல் கொண்ட கறுப்பின அமெரிக்க இசை) பாடகரும் பிக் பேண்டும் (ஊதுகருவிகள் நிறைந்த பெரிய ஜாஸ் குழு) சேர்ந்தால் குரல்தான் முன்னால் நிற்கும் என்று நம்பி இதை வாங்கினால் ஏமாற்றம்தான். 1961-இல் இம்பல்ஸ் இசை நிறுவனம் வெளியிட்ட ‘ஜீனியஸ் + சோல் = ஜாஸ்’ ஆல்பத்தின் பத்து உருப்படிகளில் ரே சார்ல்ஸ் முழுதாகப் பாடுவது இரண்டே இரண்டு. மற்றதெல்லாம் அவருடைய ஹாமண்ட் ஆர்கன், அதாவது மின்சார ஆர்கன். இசைக்கோர்ப்பு குவின்சி ஜோன்ஸும் ரால்ஃப் பர்ன்ஸும். வாசித்தவர்களில் பலர் ஜாஸ் பியானோ கலைஞர் கவுன்ட் பேஸியின் பிக் பேண்ட் குழுவினர்.

ஆர்கன் இங்கே வம்பான தேர்வு. பியானோவில் சுரம் தட்டியதும் தேயும். ஆர்கனில் விரலை எடுக்கும்வரை நிற்கும். சாக்ஸபோன் வரிசையும் அதே நடு ஸ்தாயிதான். கொஞ்சம் அசந்தால் இரண்டும் குழைந்து கூழாகிவிடும். ரே தப்பிப்பது சிக்கனத்தால்: ஒற்றைச் சுரங்களில் ஒரு சின்ன வாக்கியம், உடனே மௌனம், அந்த இடைவெளியில் டிரம்பெட்டுகள் வெடிக்கின்றன. ஒருவர் பாட, கூட்டம் பதில் பாடும் தேவாலயத்துக் கேள்வி-பதில் பாணியேதான். இதிலுள்ள ‘ஒன் மின்ட் ஜூலெப்’ கேட்டால் பிடிபடும்.

பிராஸ் (டிரம்பெட் போன்ற பித்தளை ஊதுகருவிகள்) உச்சத்துக்கு ஏறும்போது காதைக் குத்தினால், கருவியில் டிரெபிளை (உச்ச ஒலிகளை) மட்டும் குறையுங்கள். மொத்தச் சத்தத்தைக் குறைத்தால் பேஸ் (அடி ஒலிகள்) காணாமல் போகும்.

குரல்தான் வேண்டுமென்றால் 1959-இன் ‘தி ஜீனியஸ் ஆஃப் ரே சார்ல்ஸ்’ இசைத்தட்டின் முதல் பக்கம்: ஆறு பாட்டும் பிக் பேண்டோடு, ஆறிலும் பாடுகிறார்.